கடலை உடைக்காமல் உயிர்க்கல்: வன்னியில் புதிய கடல்நீர்த் தொட்டிக்குக் கல் தேர்ந்து வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

முல்லைத்தீவுக் கரையில் நடக்கும்போது அலை ஒதுக்கிய முருகைக்கல் (பவளப்பாறை) துண்டு ஒன்று காலில் தட்டுப்பட்டால், கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவருக்கு உடனே வரும் யோசனை, இதைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டால் என்ன என்பதுதான். தொட்டி பற்றி என்னிடம் கேட்க வருகிறவர்களில் பலரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். வேண்டாம் என்பது என் பதில். ஏன் வேண்டாம், அதற்குப் பதிலாக எதைப் பார்த்து வாங்குவது, வாங்கிய வெறுங்கல்லை எப்படி உயிருள்ள கல்லாக்குவது என்று வரிசையாகச் சொல்கிறேன். நான் இருப்பது கிளிநொச்சியில். எங்கள் வெக்கை, எங்கள் கிணற்றுத் தண்ணீர், கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ் எல்லாவற்றையும் கணக்கில் வைத்தே எழுதுகிறேன்.

லைவ் ரொக் என்பது என்ன

பெயரைக் கேட்டால் கல்லுக்கே உயிர் இருப்பதுபோலத் தோன்றும். கல் செத்ததுதான். இறந்த பவளங்கள் விட்டுப்போன கல்சியம் காபனேற்று எலும்புக்கூடு அது. அதன் மேலும் உள்ளும் குடியிருக்கிற பற்றீரியா, பாசி, கடற்பஞ்சு, புழு, சிறு நண்டு, கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ சீவன்கள்தான் உயிர். அதனால்தான் ‘உயிர்க்கல்’ என்று சொல்கிறேன்.

தொட்டிக்கு அது செய்யும் வேலை பெரியது. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகும்போது அமோனியா வரும். மீனுக்கு அது நஞ்சு. கல்லின் மேற்பரப்பில் ஒட்சிசன் கிடைக்கும் இடங்களில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும், பிறகு வேறு சில அதை நைத்திரேற்று ஆக்கும். கல்லின் உட்புறத் துளைகளில், ஒட்சிசன் போய்ச் சேராத ஆழத்தில், இன்னொரு கூட்டம் இருக்கிறது. அது நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். கல்லில் துளை இல்லாவிட்டால் இந்தக் கடைசி வேலை நடக்க இடமே இல்லை. ஆகவே நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அடிப்படையில் துளைகளைத்தான். நிறமும் வடிவமும் அதற்கு அப்புறம். உயிரைப் பின்னர் குடியேற்றலாம், ஆனால் துளை இல்லாத கல்லுக்குத் துளை போட முடியாது.

கடலில் இருந்து ஏன் எடுக்கக் கூடாது

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் 1981ஆம் ஆண்டு கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் கொண்டுவந்த 64ஆம் இலக்கத் திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல்லை வெட்டுவதை மட்டும் தடுக்கவில்லை. பொறுக்கிச் சேர்ப்பது, வைத்திருப்பது, சூளையில் எரிப்பது, வண்டியில் கொண்டுபோவது எல்லாம் அந்தத் தடைக்குள் வருகின்றன. கல்போன்ற எலும்புக்கூடு உள்ள கற்பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பிலும் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து உண்மையான கடற்கல்லைக் கொண்டுவருவதாக ஒருவர் சொன்னால், ஏற்றுமதி செய்த நாட்டின் அனுமதிப் பத்திரம் அவரிடம் இருக்க வேண்டும். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இராமேசுவரத்திலும் நிலைமை இதுதான். 2001இலிருந்து இந்தியாவில் கற்பவளங்கள் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். என் சித்தப்பா முல்லைத்தீவில் கடற்றொழில் செய்தவர். கடலடியில் கல் திட்டு இருக்கும் இடத்தை எங்கள் தொழிலாளர்கள் ‘பார்’ என்பார்கள். மன்னார்க் கடலில் முத்துக் குளித்த இடங்களுக்கும் அதே பெயர்தான், சேவல் பார் என்பதுபோல. ஒருமுறை சின்னத் துண்டு ஒன்று உடைத்துக்கொண்டு வரமுடியுமா என்று கேட்டேன். “தம்பி, பாரிலதான் மீன் கிடக்கு. அதை உடைச்சா நாங்கள் எங்க வலை போடுறது?” என்று கேட்டார். அதன் பிறகு நான் கேட்கவில்லை.

1998இல் கடல் சூடேறி எங்கள் தீவைச் சுற்றியிருந்த முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறிச் செத்தன. 2004 சுனாமிக்குப் பிறகு தென்மேற்குக் கரையை ஆராய்ந்தவர்கள், முருகைக்கல் வெட்டி எடுக்கப்பட்டிருந்த பெரலிய பக்கம் அலை வெகுதூரம் உள்ளே போனதையும், பார் மிஞ்சியிருந்த ஹிக்கடுவையில் அது அடங்கி வந்ததையும் பதிவு செய்தார்கள். சுனாமியில் எங்கள் கரை இழந்த உயிர்களை நினைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவருக்கு நான் மேலே எதுவும் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் எதை வாங்குவது

நான்கு வழிகள் இருக்கின்றன. என் விருப்பத்தின் வரிசையில் சொல்கிறேன்.

தொழிற்சாலையில் செய்த வெறுங்கல்தான் முதல் தெரிவு. சுட்ட செராமிக்கில் செய்ததும் உண்டு, சீமெந்துக் கலவையில் செய்து ஊதா நிறம் ஏற்றியதும் உண்டு. செராமிக் கல் எடை குறைவு, துளை அதிகம், தண்ணீரின் பிஎச் (அமில, கார) அளவைக் குழப்பாது. ஊதா நிறம் வெறும் சாயம். உயிர் இருக்கிறது என்று அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். சில மாதங்களில் அதன் மேல் வேறு நிறங்கள் வந்துவிடும்.

இரண்டாவது, நிலத்தில் வெட்டியெடுத்த பழைய காலத்துக் கடற்படிவுக் கல். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்து இன்று தரையாகிவிட்ட இடங்களில் வெட்டுவது. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும். நல்ல கல், ஆனால் விலை கூட.

மூன்றாவது, வேறொருவரின் ஆரோக்கியமான தொட்டியில் பல மாதங்கள் கிடந்த செயற்கைக் கல். உண்மையில் எங்கள் நாட்டில் நேர்மையாகக் கிடைக்கக்கூடிய லைவ் ரொக் இதுதான். தொட்டி முழுவதற்கும் இதை வாங்க வேண்டாம். ஒன்றிரண்டு கிலோ போதும். அது பாலுக்கு உறைமோர் மாதிரி வேலை செய்யும். இதைப் பற்றித் தனியாகப் பின்னால் எழுதுகிறேன்.

நான்காவது, நீங்களே செய்வது. ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு கோழித்தீனிக் கடையில் விற்கும் சிப்பித் தூள், இரண்டு பங்கு பெரிய கல்லுப்பு. ஆனையிறவு உப்பின் பெரிய மணிகள் இதற்கு நன்றாகப் பொருந்தும். தண்ணீரை மிகக் குறைவாக விட்டு, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்தில் பிசைந்து, ஈர மணலில் குழி தோண்டி அதற்குள் போட்டு உருவாக்க வேண்டும். கைக்கு ரப்பர் கையுறை அவசியம். மூன்று நாள் ஈரமாக வைத்துவிட்டுத் தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து, அது இருந்த இடமெல்லாம் துளையாகிவிடும். பிறகு பொறுமை. புதுச் சீமெந்து தண்ணீரை மிகக் காரமாக்கும். வாரம் இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றி ஒரு மாதமாவது, தேவையானால் இரண்டு மாதம் ஊற வைக்க வேண்டும். ஊறிய நீரின் பிஎச் 8.5இற்குக் கீழே நின்றால்தான் தொட்டிக்குள் போகலாம். காசு குறைந்த வழி இது. நேரம் இருப்பவர்களுக்கு மனதாரச் சொல்வேன்.

எங்கள் தரையில் கிடக்கும் கல்லைப் பற்றியும் கேட்பார்கள். புவிச்சரிதவியலாளர்கள் இலங்கையின் பழம்பாறைத் தொகுதி ஒன்றுக்கு ‘வன்னித் தொகுதி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வவுனியாப் பக்கம் கிடக்கும் கருங்கல் அந்த இனம். அதில் துளை கிடையாது, இந்த வேலைக்கு உதவாது. வடக்கே யாழ்ப்பாணத்தை நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக் கல் வரும். அது கடலில் படிந்ததுதான் என்றாலும், வயல்களில் கிடப்பது செம்மண்ணும் பசளையும் பட்டது. பசளையிலிருந்து ஏறிய பொஸ்பேற்று மாதக்கணக்கில் கசிந்து தொட்டியைப் பாசிக் குளமாக்கிவிடும். நான் சேர்ப்பதில்லை.

எத்தனை கிலோ

பழைய கணக்கு ஒன்று உண்டு, எட்டு லீற்றருக்கு ஒரு கிலோ என்று. அது கனமான கடற்கல்லை வைத்துச் சொன்ன கணக்கு. இலேசான, துளை நிறைந்த கல்லானால் பதினைந்து லீற்றருக்கு ஒரு கிலோ தாராளம்.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். விளிம்புவரை 190 லீற்றர் பிடிக்கும், பாவிப்பது 170 லீற்றர் அளவு. இதற்குப் பழைய கணக்கில் 20 கிலோவுக்கு மேல் வரும். நான் 11, 12 கிலோவுக்கு மேல் போடமாட்டேன். கல் கூடினால் நீரோட்டம் தடைப்படும், பின்புறம் குப்பை சேரும், பவளம் வளர இடம் இருக்காது. அடித்து நிரப்பிய தொட்டியைக் குறைப்பது கடினம், குறைவாக இருப்பதில் கூட்டுவது எளிது.

கடையில் கல்லைப் பார்க்கும் விதம்

கடைக்குப் போகும்போது சின்னப் போத்தலில் தண்ணீரும், இன்னொன்றில் வினாகிரியும் கொண்டு போங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

உலர்ந்த கல்லின் மேல் தண்ணீர் ஒரு துளி விடுங்கள். உடனே உள்ளே இழுத்துக்கொண்டால் துளை இருக்கிறது. முத்துப்போல் மேலே நின்றால் மேற்பரப்பு மூடியிருக்கிறது. அதற்குக் காரணம் சாயமாகவோ மெழுகாகவோ இருக்கலாம். அப்புறம் கையில் தூக்கிப் பாருங்கள். பார்வைக்குத் தேங்காய் அளவு இருக்கும் கல், தேங்காயைவிடப் பெரிதாகப் பாரம் காட்டக் கூடாது. ஒரே அளவிலான இரண்டு கல்லை இரு கையிலும் தூக்கினால் வித்தியாசம் உடனே தெரியும்.

வினாகிரி எதற்கு? கல்சியம் காபனேற்று உள்ள கல்லில் விட்டால் சீறி நுரைக்கும். அவசரத்துக்குத் தேசிக்காய்ச் சாறும் காட்டும். கடற்படிவுக் கல் என்று சொல்லி விற்பது நுரைக்காவிட்டால் அது வேறு ஏதோ கல். செராமிக் கல் நுரைக்காது, அது அதன் இயல்பு, குறை அல்ல. எந்தக் கல்லானாலும் துருப்போலச் சிவந்த கோடு, பளபளக்கும் உலோக நரம்பு, பச்சைக் கறை தெரிந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். செம்பு மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

வடிவத்தில் அவசரப்படாதீர்கள். எல்லோரும் அழகான உருண்டைகளைப் பொறுக்குகிறார்கள். உருண்டை அடுக்க நிற்காது. எனக்குத் தேவைப்படுவது அடிக்கு இரண்டு தட்டையான பெரிய கல், நடுவில் வளைவும் கொம்பும் உள்ள நாலைந்து, மேலே பவளம் ஒட்ட இரண்டு மூன்று தட்டு. தொட்டியின் நீள அகலத்தைப் பத்திரிகைத் தாளில் வெட்டிக்கொண்டு போய்க் கடைத் தரையிலே விரித்து, அதன் மேல் அடுக்கிப் பார்த்தே வாங்குங்கள். பத்து நிமிட வேலை. வீட்டுக்கு வந்து ‘இது பொருந்தவில்லையே’ என்று நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

கொழும்பிலிருந்து கொண்டுவருவது

வெறுங்கல்லுக்கு எந்தக் கவலையும் இல்லை, சாக்கில் கட்டி ஏ-9 வீதி வழியே வரும் எந்த லொறியிலும் போட்டுவிடலாம். கவலை உயிர்க்கல்லுக்குத்தான்.

இதில் நான் ஒரு பாடம் படித்தேன். தொட்டி வைப்பதையே நிறுத்துகிற ஒருவரிடமிருந்து மொத்தக் கல்லையும் வாங்கி, சாக்குகளில் கட்டி, பகல் பஸ்ஸின் பொருள் பெட்டிக்குள் போட்டேன். எட்டு மணி நேரம் இரும்புப் பெட்டிக்குள் வெந்து வந்தது. அவிழ்த்தபோது முட்டை அழுகிய நாற்றம். அதையும் தூக்கித் தொட்டிக்குள் போட்டேன். ஏழு வாரம் அமோனியா இறங்கவே இல்லை, அவசரப்பட்டு விட்ட இரண்டு மீன்களும் போய்விட்டன. கல்லில் இருந்த உயிரெல்லாம் வழியிலேயே செத்து, அதுவே நஞ்சாகியிருந்தது.

ஆகவே இரவுப் பயணம். மீன் கொண்டுவரும் ரெஜிபோம் பெட்டி ஒன்று, அதற்குள் கடல்நீரில் நனைத்த பத்திரிகைத் தாளில் சுற்றிய கல், மேலே மூடி, சுற்றிவர டேப். தண்ணீரில் மூழ்கடித்துக் கொண்டுவரத் தேவையில்லை. தேங்கிய தண்ணீரில் ஒட்சிசன் தீர்ந்துவிடும், ஈரமாக இருப்பதுதான் நல்லது. பெட்டியை உங்கள் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் நேரடியாகப் படக் கூடாது.

தண்ணீரும் உப்பும்

கல் வருவதற்கு முன்பே தண்ணீர் தயாராக இருக்க வேண்டும். எங்கள் கிணற்று நீரைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் வெள்ளைப் படை பிடிப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் கடல்நீர் கலக்கக் கூடாது. இப்போது வன்னியில் குடிநீருக்கென்று ஆர்ஓ (உப்பையும் தாதுக்களையும் சவ்வால் வடிக்கும்) சுத்திகரிப்பு நிலையங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. அந்தத் தண்ணீரைக் கேன்களில் வாங்கிப் பாவிக்கலாம்.

ஆனையிறவு உப்பைக் கரைத்தால் கடல்நீர் வந்துவிடாதா என்ற கேள்வியும் வரும். வராது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கல்சியத்தின் பெரும்பகுதி முன்னமே படிந்துவிடும், மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். எங்களுக்குக் கிடைப்பது சமையலுக்குரிய சோடியம் குளோரைட்டு. பவளம் வளர மற்ற எல்லாமும் வேண்டும். மீன்தொட்டிக்கென்று விற்கும் கடலுப்பை ஆர்ஓ நீரில் கலந்து, ஒரு நாள் பம் ஓடவிட்டு, தன்னீர்ப்பு (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, உப்பின் அளவைக் காட்டும்) 1.025 முதல் 1.026 வரை நிற்கிறதா என்று அளந்த பிறகு பாவியுங்கள்.

கரைக்குக் கிட்ட இருப்பவர்கள் இயற்கைக் கடல்நீரே எடுக்கலாம். முல்லைத்தீவுப் பக்கம் என்றால் சோளகக் காலத்தில், கடல் தெளிந்து கிடக்கும்போது, நந்திக்கடல், நாயாற்று வாய்களிலிருந்து தூரத்தில், படகில் கொஞ்சம் உள்ளே போய் எடுக்க வேண்டும். வாடை மழை பெய்யும் மாதங்களில் களப்புகள் திறந்து நன்னீர் கலந்துவிடும், உப்புச் செறிவு நம்ப முடியாத அளவு இறங்கியிருக்கும்.

கழுவுவதும் அடுக்குவதும்

புது வெறுங்கல்லைத் தூரிகையால் தேய்த்து, தூசி போகும்வரை கழுவினால் போதும். வேறொரு தொட்டியில் கிடந்து காய்ந்துபோன பழைய கல்லானால் உள்ளே செத்தவை இருக்கும். பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு குளோரின் திரவம் கலந்து நாலைந்து நாள் ஊறவிட்டு, பல தடவை கழுவி, எங்கள் வெயிலில் ஒரு வாரம் காயவிடுங்கள். குளோரின் மணம் சிறிதும் இருக்கக் கூடாது. குளோரினோடு எந்த அமிலத்தையும் சேர்க்கவே கூடாது, சேர்த்தால் வரும் வாயு உயிருக்கு ஆபத்து.

பிறகு ஒரு வாளி கடல்நீரில் கல்லைப் பத்து நாள் ஊறவைத்துப் பொஸ்பேற்று அளந்து பாருங்கள். லீற்றருக்கு 0.1 மில்லிகிராமுக்குள் இருந்தால் சரி. கூடினால் தண்ணீரை மாற்றி மாற்றித் திரும்பவும் ஊறவிடுங்கள். பலரும் விட்டுவிடும் படி இது. பின்னால் ஆறு மாதம் பாசியோடு மல்லுக்கட்டுவதைவிட இப்போது பத்து நாள் காத்திருக்கலாம்.

அடுக்கும்போது அடிக் கல்லை மணலின் மேல் வைக்காதீர்கள். கண்ணாடி அடியில் நேரே வைத்துப் பிறகு மணல் போடுங்கள். மணலைத் தோண்டும் மீனும் இறாலும் கீழே போய்க் கல்லைச் சரித்துவிடும். கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையில் கை நுழையும் இடைவெளி, பத்து சென்ரிமீற்றராவது, நான்கு பக்கமும் வேண்டும். உயரம் தண்ணீர் மட்டத்தில் மூன்றில் இரண்டுக்கு மேல் போக வேண்டாம். ஆடும் இடங்களைத் தொட்டிக்கு ஏற்ற எபொக்சிப் பசையால் இறுக்குங்கள். இரும்புக் கம்பி கூடாது.

இறால் வால் வைத்துப் பழக்குதல்

இனித்தான் கல் உயிர் பெறும் காலம். தொட்டியில் நீர், கல், பம், சூடு 26 பாகை அளவில். விளக்கு அணைந்தே இருக்கட்டும், இப்போது வெளிச்சம் பாசிக்கு மட்டும்தான் உதவும்.

சந்தையில் வாங்கிய இறாலின் வால் துண்டு ஒன்றைச் சின்ன வலைப் பையில் கட்டித் தொங்கவிடுங்கள். அது அழுகி அமோனியா தரும். போத்தலில் வரும் பற்றீரியாத் திரவம் கிடைத்தால் அதையும் ஊற்றலாம், காலம் கொஞ்சம் குறையும். டெஸ்ட் கிட்டால் இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து கொப்பியில் எழுதுங்கள். அமோனியா லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு ஏறியதும் இறாலை எடுத்துவிடுங்கள். முதல் ஒன்று இரண்டு வாரம் அமோனியா அப்படியே நிற்கும், ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பிறகு அது இறங்க நைத்திரைற்று ஏறும். அதுவும் இறங்க நைத்திரேற்று ஏறும். நாலு முதல் ஆறு வாரம் பொதுவாகப் பிடிக்கும்.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்? திரும்பவும் 2 மில்லிகிராம் அளவுக்கு அமோனியா ஏற்றிப் பாருங்கள். அமோனியம் குளோரைட்டுக் கரைசல் கடைகளில் சிறு போத்தலில் கிடைக்கும். மறுநாள் அளந்தால் அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டும் பூச்சியம் காட்ட வேண்டும். காட்டினால் கல் வேலை செய்கிறது. இடையில் ‘தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது’ என்று மீன் விடுவதுதான் நான் கண்ட அநியாயச் சாவுகளுக்குக் காரணம். அமோனியா கண்ணுக்குத் தெரியாது.

உயிர்த் துண்டைத் தேர்வது

பழக்கிய வெறுங்கல்லில் பற்றீரியா இருக்கும், ஆனால் ஊதாப் பாசியும் கடற்பஞ்சும் சிறு புழுக்களும் இருக்காது. அவற்றைக் கொண்டுவர ஒரு நண்பரின் தொட்டியிலிருந்து ஒன்றிரண்டு கிலோ வாங்க வேண்டும். ஆறு மாதமாவது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியாக இருக்கட்டும், மீனுக்கு நோய் வந்து செம்பு மருந்து போட்ட தொட்டியாக இருக்கவே கூடாது. இதை நேரே கேளுங்கள்.

கல்லைத் தண்ணீரிலிருந்து எடுத்தவுடன் மூக்குக்குக் கிட்டப் பிடியுங்கள். கடற்கரை மணம் வந்தால் நல்ல கல். அழுகிய முட்டை மணம் வந்தால் உள்ளே செத்தது இருக்கிறது. ஊதாவும் இளஞ்சிவப்பும் ஓடுபோல் ஒட்டியிருப்பது கோரலைன் பாசி, அதுதான் நீங்கள் தேடுவது.

வேண்டாதவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐப்டேசியா என்பது பழுப்புநிறச் சின்னக் கடற்சாமந்தி, தொட்டால் சட்டென்று துளைக்குள் இழுத்துக்கொள்ளும். ஒன்று வந்தால் நூறாகும், பவளங்களைச் சுடும். வெட்டினால் துண்டுக்குத் துண்டு முளைக்கும். ஆகவே வெட்டாதீர்கள். கல்சியம் ஐதரொட்சைட்டைப் பசைபோலக் குழைத்து ஊசியால் அதன் வாய்க்குள் விடுவார்கள். வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பும் அதே சேர்மம்தான், ஆனால் அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, மீன்தொட்டிக்கு விற்பதையே வாங்குங்கள். பச்சை மணிபோல் உருண்டு நிற்கும் குமிழ்ப் பாசியைத் தண்ணீருக்கு வெளியே வைத்தே பிடுங்குங்கள். உள்ளே உடைந்தால் வித்துகள் பரவும். மயிர்க்கால் புழுக்களைக் கண்டு பயப்பட வேண்டாம். பெரும்பாலானவை மிஞ்சிய தீனியைத் தின்று துப்புரவு செய்பவை, ஆனால் வெறுங்கையால் தொட்டால் முள் குத்தும்.

இரவில் தொட்டியில் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் மண்டிஸ் இறால் அல்லது சொடக்கு இறால் இருக்கலாம். சொடக்கு இறால் அநேகமாகத் தீங்கில்லாதது, மண்டிஸ் மீனையே அடித்துக் கொல்லும். இவை வராமல் தடுக்க, கல்லைத் தொட்டிக்குள் விடுவதற்கு முன் 1.035 தன்னீர்ப்புள்ள உப்புக் கூடிய நீரில் ஒரு நிமிடம் முக்குங்கள். நண்டும் இறாலும் துள்ளி வெளியே வந்துவிடும். நன்னீரில் முக்கினால் நல்லதும் சேர்ந்து சாகும்.

இன்னொன்றை மிக அழுத்திச் சொல்ல வேண்டும். பூச்சி போகட்டும் என்று உயிர்க்கல்லைச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைக்காதீர்கள். பொத்தான்போல் கூட்டமாக வளரும் சில சோவாந்தீட் பவளங்களில் பலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கொதிக்கும் ஆவியில் அது ஏறி, வீட்டிலிருந்த எல்லோரும் வைத்தியசாலைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. கல்லைத் தொடும்போதெல்லாம் கையுறை போடுங்கள், கையில் காயம் இருந்தால் தொடவே வேண்டாம்.

பழுப்பு நாட்களும் அதற்கு அப்புறமும்

விளக்கைப் போடத் தொடங்கியதும் கல்லும் மணலும் பழுப்பு மாவு பூசியதுபோல ஆகும். அது டயட்டம் பாசி. அநேகமாக எல்லாப் புதுத் தொட்டியிலும் வரும், சில வாரங்களில் தானாகக் குறையும். அதன் பிறகு பச்சை மயிர்ப் பாசி எட்டிப் பார்க்கும். ஆறு மணி நேரத்துக்கு மேல் விளக்கு வேண்டாம். நத்தைகள் சில விடுங்கள். மருந்து ஊற்றாதீர்கள். வாரம் பத்து வீதம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்த நேரத்தில் மனம் தளர்ந்து தொட்டியைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் அவர்கள் வேறு தொட்டியைப் பார்த்திருப்பார்கள்.

முதல் மீன் ஒன்றே ஒன்று, சிறியது. அடுத்ததுக்கு மூன்று வாரம் இடைவெளி. பவளத்துக்கு இன்னும் காத்திருங்கள். லீற்றருக்குக் கல்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1250 முதல் 1350 மில்லிகிராம் என்று நிலையாக நின்றால், மூன்று நான்கு மாதத்தில் வெறுங்கல்லின் நிழல் பக்கத்தில் ஊதாப் புள்ளிகள் தெரியத் தொடங்கும். என் தொட்டியில் முதல் புள்ளி செராமிக் தட்டொன்றின் அடியில் வந்தது. டோர்ச் பிடித்துப் பார்த்துவிட்டு அன்றிரவே சித்தப்பாவுக்கு அழைத்துச் சொன்னேன்.

பங்குனி, சித்திரை வெக்கையில் தண்ணீர் 29 பாகையைத் தாண்ட விடாதீர்கள். மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் காற்று படும்படி சின்ன மின்விசிறி ஒன்றை வைத்தால் இரண்டு பாகை வரை இறங்கும். ஆவியாகிக் குறையும் அளவை ஆர்ஓ நீரால் நிரப்புங்கள், உப்பு நீரால் அல்ல. கரண்ட் போனால் கல்லுக்குள் இருக்கும் உயிர்களும் மூச்சுத் திணறும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம் ஒன்று, கல் வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள்.